ஹெல்மெட் தொங்கினால், தொங்கினால் மட்டுமே

"நாளைக்குக் காலையில பத்தேகாலுக்கு நீங்க கண்டிப்பா தூங்கிக்கிட்டு இருக்கணும்" என்றாள் தமயந்தி.

காபி டம்ளரை வாயருகே கொண்டுபோன அறிவழகன் அப்படியே நிறுத்தினான். கல்யாணமான நாளிலிருந்து "எந்திரிங்க, எந்திரிங்க" என்ற குரலைத்தான் கேட்டிருக்கிறான். தூங்கச் சொல்லி ஒரு உத்தரவு வருவது இதுதான் முதல் தடவை.

"நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வர்றவன் தூங்காம, பின்ன கபடியா ஆடப்போறேன்?"

"வெறுமனே தூங்குனா பத்தாது. கேட்டுல ஹெல்மெட்டை மாட்டிட்டுத் தூங்கணும். ஒன்பதாம் கிளாஸ் பசங்க மொத்தமும் வந்து பார்க்கப்போறாங்க. எங்க ஹெச்.எம். மேடமும் வர்றாங்க."

"நான் தூங்குறதையா? ஏம்மா, நான் என்ன வண்டலூர்ல இருக்குற புலியா?"

விஷயம் இதுதான். அவர்கள் குடியிருந்த நெய்வேலி சுரங்கக் குவார்ட்டர்ஸ் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து படுப்பவர், தன் மைன்ஸ் ஹெல்மெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார். அதைப் பார்த்தால் கேஸ்காரர் மணியடிக்க மாட்டார். கீரைக்காரம்மா குரல் கொடுக்க மாட்டார். பக்கத்து வீட்டு செங்கமலம் அக்கா இன்னும் ஒரு படி மேலே. அறிவழகன் வீட்டுக் கேட்டில் ஹெல்மெட் தொங்கினால் அவர் மிக்ஸியைக்கூடப் போட மாட்டார். "மனுஷன் தூங்குறாரேன்னு என்ன ஒரு மரியாதை பாருங்க" என்று தமயந்தி பலமுறை நெகிழ்ந்திருக்கிறாள்.

அந்த ஹெல்மெட்டைத்தான் அவள் வகுப்பறைக்குள் இழுத்துவிட்டிருந்தாள்.

தமயந்தி ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். சேர்ந்த நாளிலிருந்து கான்ட்ராக்ட். அன்றைக்கு ஹெச்.எம். காந்திமதி மேடம் அவள் வகுப்பில் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பாடம், 'எனில், எனில் மட்டுமே.' முக்கோணத்தில் இரண்டு பக்கங்கள் சமம் எனில் அவற்றுக்கு எதிரே உள்ள கோணங்கள் சமம். அதையே திருப்பிப் போட்டு, கோணங்கள் சமம் எனில் பக்கங்கள் சமம் என்றாலும் சரி. வாக்கியமும் அதன் மறுதலையும் சேர்ந்து நிற்க வேண்டும். ஒரு பக்கம் நின்று மறுபக்கம் சாய்ந்தால் கதை முடிந்தது.

"முக்கோணமாவே சொன்னா எப்படிம்மா? வாழ்க்கையிலேர்ந்து ஒன்னு சொல்லுங்க" என்றார் மேடம்.

தமயந்தி முதலில் மழையைச் சொன்னாள். மழை பெய்தால் ரோடு நனையும்.

"தண்ணி லாரி போனாலும் நனையும் மிஸ்" என்றாள் இளவேனில். அந்தப் பெண் முதல் பெஞ்சில் உட்கார்ந்து டீச்சர்களின் தூக்கத்தைக் கெடுப்பவள்.

"சரி, சதுரம்னா நாலு பக்கமும் சமம்."

"சாய்சதுரத்துக்கும் நாலு பக்கமும் சமம் மிஸ். அது சதுரமா?"

பின்பெஞ்சில் மேடம் பேனாவை எடுப்பது தெரிந்தது. பதறிப்போன தமயந்தியின் வாயில் வந்து விழுந்ததுதான் ஹெல்மெட். "எங்க வீட்டு கேட்டுல பகல்ல ஹெல்மெட் தொங்குச்சுன்னா சார் தூங்குறார். சார் பகல்ல தூங்குனா ஹெல்மெட் தொங்கும். ரெண்டு பக்கமும் சரி!"

மேடத்துக்கு ஒரே குஷி. "பிரமாதம்! நாளைக்கு சனிக்கிழமை பசங்களை டவுன்ஷிப்புக்குள்ள கணித உலா கூட்டிட்டுப் போறோமே, அப்படியே உங்க வீட்டையும் பார்த்துடுவோம். ரெண்டு பக்கமும் நின்னுச்சுன்னா, உங்க பெர்மனென்ட் ஆர்டருக்கு நான் பொறுப்பு."

பெர்மனென்ட்! நெய்வேலியில் அந்த வார்த்தைக்கு இருக்கிற மவுசு வேறு எதற்கும் கிடையாது. கான்ட்ராக்ட்டில் கிடந்து பெர்மனென்ட் ஆன அறிவழகனுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் அவன் முகம் என்னவோ போலிருந்தது.

"ஏன் தமயந்தி, வேற உதாரணமே கெடைக்கலியா உனக்கு?"

"இதுல என்னங்க தப்பு?"

"தப்பு ஒன்னும் இல்ல. பத்தரைக்குள்ள கெளம்பிருவாங்களா?"

"அதென்ன பத்தரை?"

"சும்மா கேட்டேன்" என்று அவன் காபியைக் குடித்தான். அது ஆறிப்போயிருந்தது.

மறுநாள் காலையில் வேலை முடிந்து ஷிப்ட் பஸ்ஸில் ஏறியதும் வழக்கம்போல் அறிவழகனின் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்தது. பக்கத்தில் இருந்த தங்கராசு உலுக்கி எழுப்பினான். அவன் மைன்ஸில் அறிவழகனின் கூட்டாளி. ஊரில் எவருக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் கேட்காமலே யோசனை சொல்கிறவன்.

"யோவ், இங்கயே தூங்கிட்டீன்னா வூட்ல போயி எப்பிடித் தூங்குவ? தூக்கத்தைச் சேத்து வையி!"

நியாயமாகத்தான் பட்டது. பஸ்ஸை விட்டு இறங்கியதும், வீடு போய்ச் சேரும்வரை கண் அசந்துவிடக் கூடாது என்று தங்கராசு டீ வாங்கிக்கொடுத்தான். அது பத்தாது என்று இன்னொன்று. அதுவும் ஸ்ட்ராங்காக. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அறிவழகனின் கண் இரண்டும் டார்ச் லைட் மாதிரி எரிந்தன. தூக்கம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துபோயிருந்தது.

தமயந்தி பள்ளிக்குக் கிளம்பிப் போயிருந்தாள். ஹெல்மெட்டைக் கேட்டில் மாட்டினான். ஹாலில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்தான். புரண்டான். முதுகுக்கடியில் என்னவோ குத்தியது. அதை எடுத்துத் தலையணைக்கு அடியில் செருகினான். தூக்கம் வரவில்லை.

வெந்நீரில் குளித்தால் வரும் என்று குளித்தான். உடம்பு சுறுசுறுப்பாகிவிட்டது. தயிர்சாதம் தின்றால் கண் சொக்கும் என்று ஒரு குண்டான் தயிர்சாதத்தை அவசர அவசரமாக உள்ளே தள்ளினான். விக்கல் பிடித்துக்கொண்டது.

அந்நேரம் பார்த்துத்தான் தெருமுனையில் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. அறிவழகன் கட்டிலில் பாய்ந்து, போர்வையை இழுத்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடினான்.

"எல்லாரும் கேட்டைப் பாருங்க. ஹெல்மெட் தொங்குதா?" தமயந்தியின் குரலில் லேசான நடுக்கம்.

"தொங்குது மிஸ்!"

"இப்ப ஜன்னல் வழியா மெதுவா எட்டிப் பாருங்க. சார் தூங்குறாரா?"

அறிவழகன் குறட்டை விட்டான். பாதிக் குறட்டையில் ஒரு விக்கல் வெட்டியது.

"மிஸ், சார் குறட்டை ஏன் மிஸ் நடுவுல எகிறுது?"

"அது நைட் ஷிப்ட் குறட்டை. அப்படித்தான் இருக்கும்" என்று தமயந்தி சமாளித்தாள். "ஆக, ஹெல்மெட் தொங்குனா சார் தூங்குறார். ஒரு பக்கம் நின்னாச்சு."

காந்திமதி மேடம் தலையாட்டினார். அத்தோடு எல்லாரும் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"மறுதலை மிஸ்?" என்றாள் இளவேனில்.

"அது... சார் தூங்குனா ஹெல்மெட் தொங்கும்."

"அப்ப ஹெல்மெட் தொங்கலைன்னா சார் தூங்கக் கூடாது. சரிதானே மிஸ்?" சொல்லிக்கொண்டே அந்தப் பெண் கேட்டிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நியாயமான கேள்விதான்" என்றார் மேடம்.

போர்வைக்குள் அறிவழகனுக்கு வியர்த்தது. ஹெல்மெட் இல்லாத நேரத்தில் தான் தூங்கினால் கூற்று உடையும். கூற்று உடைந்தால் பெர்மனென்ட் போச்சு. தமயந்தி இதற்காக எத்தனை வருஷம் காத்திருக்கிறாள்! அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை. விசுக்கென்று எழுந்து உட்கார்ந்தான்.

"மிஸ்! சார் எழுந்துட்டார்!"

இளவேனில் ஹெல்மெட்டைத் திரும்ப மாட்டினாள். தடாலென்று அறிவழகன் படுக்கையில் விழுந்தான். குறட்டை. விக்கல்.

"தூங்கிட்டார் மிஸ்!"

கழற்றினாள். எழுந்தான். மாட்டினாள். விழுந்தான். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் மிஸ்", "நான் ஒரு தடவை மிஸ்" என்று கேட்டருகே ஒரே தள்ளுமுள்ளு. ஒருத்தன் பாதி கழற்றிப் பார்த்தான். அறிவழகன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். கட்டில் கிரீச் கிரீச்சென்று கத்தியது. அந்த மனிதன் இரவெல்லாம் மைன்ஸில் பட்ட பாடே தேவலாம் போலிருந்தது.

கடைசியில் மேடம் ஹெல்மெட்டைத் தானே வாங்கிக் கேட்டில் மாட்டினார். உள்ளே தொப்பென்று சத்தம் கேட்டது.

"தமயந்தி" என்றார் மேடம் நிதானமாக. "தூங்குற மனுஷனுக்குக் கேட்டுல ஹெல்மெட்டைக் கழட்டுனது எப்படிம்மா தெரியும்?"

தமயந்தி ஹெல்மெட்டைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"சார் தூங்கவே இல்ல மேடம்" என்றாள் இளவேனில். "ஹெல்மெட் தொங்குது, சார் முழிச்சிருக்கார். கூற்று தப்பு."

மேடம் பெருமூச்சு விட்டார். "எனக்கும் உங்களை விட மனசில்லைதான். ரெண்டு பக்கமும் உடையாத ஒன்னு, ஒரே ஒன்னு, இந்த வாசல்ல வச்சுக் காட்டுங்க. திங்கட்கிழமையே ஆர்டர் போடச் சொல்றேன். இல்லேன்னா அடுத்த வருஷம்தான் பார்க்கணும்."

தமயந்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் முகவாய் நடுங்குவதை ஜன்னல் வழியே அறிவழகன் பார்த்தான். பாவி, உன்னால்தானே எல்லாம் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

ரெண்டு பக்கமும் உடையாத ஒன்று இந்த வீட்டில் இருந்தது. அது அவனுக்குத் தெரியும். சொன்னால் மானம் போகும். தெருவில், மைன்ஸில், ஷிப்ட் பஸ்ஸில் எங்கும் தலைகாட்ட முடியாது. தங்கராசு ஒருத்தன் போதும், சேத்தியாத்தோப்பு வரைக்கும் தண்டோரா போட்டுவிடுவான். சொல்லாவிட்டால் இவள் இன்னொரு வருஷம் கான்ட்ராக்ட்.

சுவர்க் கடிகாரம் பத்தரையைத் தொட்டது. போகட்டும் மானம் என்று அறிவழகன் எழுந்தான். தலையணைக்கு அடியில் கையை விட்டு ரிமோட்டை எடுத்து அழுத்தினான்.

டிவியில் ஒரு பெண் ஓவென்று அழ ஆரம்பித்தாள். வயலின் வீறிட்டது. ஜன்னலில் இருந்த அத்தனை தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின.

"இது என்னங்க?" என்றாள் தமயந்தி.

"அது வந்து மேடம்..." என்று அறிவழகன் தொடங்கினான்.

அதற்குள் பக்கத்து மதில்மேல் செங்கமலம் அக்காவின் தலை எழும்பியது.

"அப்பாடா, போட்டுட்டியா தம்பி! எங்க வூட்டு டிவி ரிப்பேரானதுலேர்ந்து மிக்ஸிகூட போடாம ஒங்க வூட்டு சத்தத்துலதான் கத கேட்டுக்கினு இருக்கேன், பத்தரை ஆவுதே, இன்னும் காணமேன்னு பதறிப்போயிட்டேன். ஹெல்மெட்டு தொங்குனா சீரியல் ஓடும், சீரியல் ஓடுனா ஹெல்மெட்டு தொங்கும், இத்தினி மாசத்துல ஒருநாள்கூட மாறுனதில்லியே!"