கண்ணாடி மாதிரி ஒரு தரை

என் வாழ்க்கையில் ஒரே ஒரு வேலையைத்தான் குறையே இல்லாமல் செய்து முடித்திருக்கிறேன். அதற்காகத்தான் என்னை வேலையை விட்டுத் தூக்கினார்கள்.

சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு பழைய பங்களா. பார்வையாளர்களை நிறுத்திவிட்டு, பழமை கெடாமல் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். குடிபாலாவிலிருந்து பைக்கில் போய்வரும் சூப்பர்வைசர் நான். டிப்ளமா முடித்து ஆறே மாதம். (சாப்பிடும்போதுகூட மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றமாட்டேன்.)

ஆர்க்கிடெக்ட் மேடம் பத்து நாள் சென்னைக்குக் கிளம்பும்போது, "ஃபைலைப் படிச்சுட்டு எதையும் தொடுங்க" என்றார். ஃபைல் தடியாக இருந்தது. அதன்மேல் டீ கிளாஸை வைத்துக்கொண்டேன்.

கூடத்துச் சிவப்புத் தரையில், ஜன்னலோரம், இரண்டு சின்னப் பள்ளங்கள். சேதம் என்று சாக்பீஸால் வட்டம் போட்டேன். நகரியிலிருந்து வந்திருந்த கொத்தனார் முனிரத்தினம் குனிந்து பார்த்தார்.

"சார், கொயந்த காலு மாதிரி கீது. ஈரத்துல மிதிச்சிருக்கும் போல. வுட்டுறலாமா?"

"டேமேஜ்னா டேமேஜ்தான் மேஸ்திரி. ஒடைங்க."

உடைத்தார். புதிதாகப் பூசி, காயவைத்து, எண்ணெய் போட்டுத் தேய்த்தோம். என் முகமே அதில் தெரிந்தது. ஹெல்மெட்டோடு.

பத்தாம் நாள் வாசலில் ஆட்டோவிலிருந்து ஒரு வயதான அம்மா இறங்கினார்.

"லோபலிக்கி ராகூடதம்மா. க்ளோஸ்!" என்று, உள்ளே வரக்கூடாதென்பதைத் தெலுங்கில் சொல்லி போர்டைக் காட்டினேன்.

"தெரியும்பா. இந்த ஊட்ட மியூசியத்துக்குக் குடுத்ததே நான்தான். திருச்சானூர்லருந்து வர்றேன். மேடம் வரச் சொன்னாங்க."

வியர்த்துவிட்டது. என் ஹெல்மெட்டை அவர் தலையில் கவிழ்த்து, மரியாதையாக உள்ளே கூட்டிப் போனேன். அவர் நேராக அந்த ஜன்னலுக்குப் போனார். பெருமை அடிக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா?

"இங்க அசிங்கமா ரெண்டு பள்ளம் இருந்துச்சும்மா. ஒடைச்சிட்டு எப்டி பண்ணிருக்கேன் பாருங்க, கண்ணாடி மாதிரி!"

அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்து கையால் தடவினார். வழவழப்பைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். ("தேங்காய் எண்ணெய்ம்மா" என்று விளக்கம் வேறு.)

"அது என் தம்பி காலு" என்றார். "நாலு வயசு. தரை போட்ட அன்னிக்கி ஓடியாந்து மிதிச்சிட்டான். நைனா அடிக்கப் போனாரு. அந்த மாசமே ஜொரத்துல பூட்டான். ஒரு போட்டோகூட இல்ல. அதான் நைனா அந்த எடத்தை யாரையும் தொட வுடல."

மஞ்சள் ஹெல்மெட்டோடு அவர் அழுதார்.

நானும் முனிரத்தினமும் பின்பக்கம் ஓடினோம். உடைத்த சில்லுகளை டிராக்டர் அள்ளிப் போயிருந்தது. விசாரித்துக்கொண்டு பைக்கில் விரட்டினோம். சில்லுகள் ஒரு புது லாட்ஜின் அஸ்திவாரத்துக்குள் போயிருந்தன. மேலே கான்கிரீட் போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது.

திரும்பி வந்து சொன்னேன். அந்த அம்மா திட்டவில்லை. "தெரியாம செஞ்சிட்ட. வுடுப்பா" என்றார். தெரியாமலா? முனிரத்தினம் சொன்னாரே. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வந்த மேடம் ஃபைலைத் திறந்தார். மூன்றாம் பக்கத்தில், சிவப்பு மையில், 'ஜன்னலோரக் கால்தடம்: தொடக்கூடாது'.

வருஷங்கள் ஓடிவிட்டன. பங்களாவைத் திறந்துவிட்டார்கள். போய்வந்த என் சொந்தக்காரர்கள் தரையைப் புகழ்கிறார்கள். வீட்டில் என் மகள் சுவரெல்லாம் கிறுக்குகிறாள். நான் ஈரத்துணியோடு கிளம்பினால் போதும், சமையலறையிலிருந்து மனைவி, "இருங்க, யார் காலுன்னு கேட்டுட்டுத் தொடுங்க!" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு, துடைக்காமல் வந்துவிடுவேன்.