அடுத்த துறைமுகத்தில் கேளுங்கள்

எங்கள் கலீசியக் கரையில் மத்தி மீனுக்கு அடுத்தபடியாக மலிந்து கிடப்பது 'பாவம்தான், ஆனா' என்கிற மனித இனம். அதன் முதல்தர மாதிரி எங்கள் துறைமுக அதிகாரி தோன் எலாதியோ. ஜூலைத் திருவிழாவில் கர்மேன் மாதா சிலையைப் படகேற்றும்போது முன்தோள் கொடுப்பார், கடலில் தத்தளிப்போருக்காக ஊரே கேட்க ஜெபிப்பார், தட்டிலுள்ள ஆக்டோபஸ் ஆறிப்போகும்வரை மாலுமிகளின் துயரம் பேசிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். தங்கமான மனுஷர். கப்பல் ஏதும் வராதவரை.

நவம்பரில் வந்து தொலைத்தது, வயிறு கிழிந்த எண்ணெய்க் கப்பல் ஒன்று. வானொலியில் கிரேக்கக் கேப்டன் கெஞ்சினான்: "ரொம்ப நாள் தாங்காதுங்க. உள்ள விடுங்க ஐயா."

எலாதியோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம்தான். ஆனா அடுத்த துறைமுகத்துல கேட்டுப் பாருங்களேன்."

பாறைகளில் பெர்செபெஸ் சிப்பி பெயர்த்துப் பிழைக்கும் ஒப்தூலியா அலுவலகத்துக்குள் புகுந்துவிட்டாள். "கழிமுகத்துக்குள்ள இழுத்துப் போட்டு, சுத்தி மிதவை கட்டி, எண்ணெய உறிஞ்சி எடுங்க. நாறினா ஒரு மூலை நாறும். துரத்தினீங்கன்னா நடுக்கடல்ல உடைஞ்சு கரை மொத்தமும் நாறும். அப்புறம் எங்க பொழப்பு?"

"சட்டம் தெரியுமாம்மா? ஆளக் காப்பாத்தியே ஆகணும். கப்பலுக்கு இடம் குடுக்கலாமான்னு யோசிச்சா போதும்."

"யோசிச்சீங்களா?"

"யோசிச்சுத்தானே வேண்டாங்கறேன்!"

"எப்போ? உங்க காபி கூட இன்னும் ஆறலையே!"

மாலுமிகளை ஹெலிகாப்டர் தூக்கி வந்தது. எலாதியோவே கம்பளி போர்த்திவிட்டார், படமும் எடுத்துக்கொண்டார். கப்பலை இழுவைப்படகு கொண்டுபோனது. அடுத்த துறைமுகத்திலும் ஓர் எலாதியோ, அதற்கடுத்ததிலும் ஒருவர், எல்லோருக்கும் இளகிய மனசு. ஐந்தாம் நாள் கப்பல் இரண்டாக உடைந்தது. ஆறாம் நாள் காற்று திரும்பியது. எண்ணெய் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

சிப்பி பெயர்க்கும் அதே உளியால் ஒப்தூலியா பாறையிலிருந்து தார் சுரண்டினாள். ஒரு சிப்பிகூட உயிரோடு இல்லை. அவள் அழுததை எலாதியோ சன்னல் வழியே பார்த்தார். உடனே தொலைபேசியை எடுத்தார்.

"நம்ம படகெல்லாம் தார்ல மாட்டிக்கிச்சு. ஒரு மாசம் உங்ககிட்ட கட்டிக்கலாமா?"

அடுத்த துறைமுகத்தார் உருகிவிட்டார். "ஐயையோ, பாவம்தான். ஆனா…"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மழையில் வீடு மூழ்கி, ஈரத் துணியோடு உங்கள் வாசலில் நின்றவர்களுக்கு, கண் கலங்க, பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்துக்கு வழி சொன்னீர்களே, அந்த வழியையாவது சரியாகச் சொன்னீர்களா?