நூற்றுப் பதினெட்டு வரன்கள்

உலகத்தில் இருக்கிற நூற்றுப் பதினெட்டுத் தனிமங்களுக்கும் வரன் பார்த்த ஒரே ஆள் எங்கள் சம்பந்திதான். ஹைட்ரஜனில் தொடங்கி, வாயில் நுழையாத பெயர் கொண்ட கடைசி வரிசைக்காரர்கள் வரை ஒருவரையும் அவன் விட்டுவைக்கவில்லை. எந்த வீட்டில் எத்தனை பெண், யார் கறார், எங்கே போனால் தைரியமாகக் கை நனைக்கலாம் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. வேதியியல் மட்டும்தான் தெரியாது.

செங்கல்பட்டில் நான் இயற்பியல் படித்தபோது, துணைப்பாடம் என்ற பெயரில் வந்து கழுத்தைப் பிடித்தது வேதியியல். வகுப்பே கரையேறிவிட, மூன்று பேர் மட்டும் அரியரோடு நின்றோம். ஒருவன் பாஷா. வீடு செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டான். பரீட்சை ஹாலில் நன்றாகத் தூங்கி, மேற்பார்வையாளர் தட்டி எழுப்பி வீட்டுக்கு அனுப்பிய ஆள். இன்னொருத்தி நான். என் அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை. நாள் முழுக்க அணுவோடு மல்லுக்கட்டிவிட்டு அவர் வீட்டுக்கு வந்தால், அணு எண்ணுக்கும் நிறை எண்ணுக்கும் வித்தியாசம் தெரியாமல் மகள் முழித்துக்கொண்டிருப்பாள். "நம்ம குவார்ட்டர்ஸ்லயே கெமிஸ்ட்ரில அரியர் வச்ச மொத ஆளு நீதான்டி" என்பார் அம்மா. எதிலாவது முதலாவதாக வந்தோமே என்று நான் மனதைத் தேற்றிக்கொள்வேன்.

மூன்றாவது ஆள் சம்பந்தி. அவன் அப்பா கல்யாணத் தரகர். மாமல்லபுரத்திலிருந்து புதுப்பட்டினம் வரை அவர் சேர்த்துவைத்த குடும்பங்கள் ஏராளம். விடுமுறை நாட்களில் அப்பாவை பைக்கின் பின்னால் உட்காரவைத்து ஈ.சி.ஆரில் வீடு வீடாக ஓட்டுவது மகன் பொறுப்பு. ஜாதகப் பை அவன் தோளை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. சோடியமும் குளோரினும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று வகுப்பில் பேராசிரியர் கேட்ட அன்று இவன் எழுந்து நின்று, "நல்ல சம்பந்தம் சார், தட்டிக் கழிக்காம முடிச்சிடலாம்" என்றான். அதற்குப் பிறகு அவனுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டுமே உபயோகத்தில் இருந்தது.

எனக்கும் பாஷாவுக்கும் அரியர் என்றால் அவமானம், அவ்வளவுதான். சம்பந்திக்கு அப்படியில்லை. மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில் அவனுக்கு வேலை ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அரியரை முடித்துவிட்டு வந்து சேர் என்று சொல்லியிருந்தார்கள். இந்த முறையும் கோட்டை விட்டால் இடம் வேறு ஆளுக்கு. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, விடிகாலை கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போக வேண்டும் என்பது அவனுடைய வாழ்நாள் ஆசை. தோற்றால் அப்பாவின் பைதான் கதி.

படிக்க இடம் அவனே பிடித்தான். புதுப்பட்டினத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஆடி மாதம் பிறந்தது, முகூர்த்தம் இல்லை, மண்டபம் காலி. மானேஜர் தரகருக்கு வேண்டியவர். மீன் மார்க்கெட் வாசனை ஜன்னல் வழியாக வரும், அதைப் பொறுத்துக்கொண்டால் ஃபேன் இலவசம். மணமக்கள் உட்காரும் சிவப்பு நாற்காலிகளில் நானும் பாஷாவும் ராஜா ராணி மாதிரி உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தோம். சம்பந்தி கீழே நின்று, பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்து இழுத்துப் போட்டான். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு தனிமத்தின் பெயர் எழுதி ஒட்டினான். மத்தியானத்துக்குள் தனிம வரிசை அட்டவணை ஹால் முழுக்க விரிந்துவிட்டது. அட்டவணையில் அடங்காமல் கீழே தனியாக நிற்குமே இரண்டு வரிசை, அவர்களைச் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் போட்டான். "பந்திக்கு முந்திக்கிற கோஷ்டி" என்று விளக்கம் வேறு.

பிறகு பாடம் ஆரம்பமானது.

"இத பாரு கல்பாக்கம்," என்றான். என்னை அப்படித்தான் கூப்பிடுவான். "வூடுன்னா வெளித் திண்ணைல எட்டு பேரு இருக்கணும். அப்பதான் அது நெறஞ்ச வூடு. சோடியம் வூட்ல ஒரே ஒரு பொண்ணு வெளிய கீது. அத்த கட்டிக் குடுத்துட்டா அப்பன்காரன் நிம்மதியா தூங்குவான். குளோரின் வூட்ல ஏழு பேரு, ஒண்ணு கொறையுது. பேச்சே இல்ல, முடிஞ்சிது."

"மெக்னீசியம்?" என்றான் பாஷா, கொட்டாவியோடு.

"ரெண்டு பொண்ணு. ரெண்டு குளோரின் வூட்டுக்குக் குடுக்கலாம். ஆனா செலவு மச்சான், ரெண்டு மண்டபம். ஆக்சிஜன் வூட்டுக்கே அக்கா தங்கச்சி ரெண்டு பேத்தையும் குடுத்துட்டா ஒரே செலவு. மெக்னீசியம் ஆக்சைடு."

"ஆக்சிஜனும் ஆக்சிஜனும் சேருதே, அது?"

"பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கறது. ரெட்டைப் பிணைப்பு. அத்த அறுக்க முடியுமா சொல்லு? ரெண்டு வூட்டுக்கும் பயம் இருக்கும்ல."

மந்த வாயுக்கள் என்றால் அவனுக்கு ஆகாது. ஹீலியம், நியான் இருந்த வலது ஓர வரிசைப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வான். "வூடு நெறஞ்ச திமிரு. நாம போனா வாசல்லயே மோர் குடுத்து அனுப்பிடுவாங்க. எங்க நைனாவே அந்தப் பக்கம் போக மாட்டாரு." ஆர்கான் நாற்காலியைப் பாஷாவுக்கு ஒதுக்கினான். பாஷா அதில் சாய்ந்து தூங்கினான்.

அவன் கணக்கில் ஆயிரம் ஓட்டை. ஒரே ஆள் காலையில் மாமனார், சாயங்காலம் மாப்பிள்ளை. ஆனால் இரண்டு வருஷம் கரும்பலகையைப் பார்த்துப் புரியாதது எனக்கு அந்த நாற்காலிகளைப் பார்த்துப் புரிந்தது. புரிந்ததை அப்பாவிடம் சொல்லிக் காட்டியபோது அவர் வெகுநேரம் என்னையே பார்த்துவிட்டு, "விடை சரிதான்" என்று எழுந்து போனார்.

ஒன்றே ஒன்று மட்டும் சம்பந்திக்கு மசியவில்லை. மயில்துத்தம். காப்பருக்கும் சல்பேட்டுக்கும் கல்யாணம் முடிந்தது, சரி. நடுவில் இந்த ஐந்து தண்ணீர் மூலக்கூறுகளுக்கு என்ன வேலை? "பொண்ணு குடுக்கல, எடுக்கல. பங்காளியும் இல்ல, மாமன் மச்சானும் இல்ல. இன்னாத்துக்கு வந்து உக்காந்துகினு கீறாங்க? பேஜாரா கீதே!" என்று தலையைப் பிய்த்துக்கொள்வான். மண்டபத்துக்கு வெளியே கடல் காற்றில் நின்று யோசித்துவிட்டு, யோசனை வராமல் டீ வாங்கிக்கொண்டு திரும்புவான்.

ஆவணி வந்தது. முதல் முகூர்த்தமே தரகர் முடித்துவைத்த கல்யாணம். சாப்பாட்டுக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார். உள்ளே நுழைந்தால், நாற்காலிகளின் முதுகில் சம்பந்தி ஒட்டியது அப்படியே இருக்கிறது. கந்தகத்தில் ஒரு பெரியவர், இரும்பில் ஒரு குழந்தை. மாப்பிள்ளையின் தாய்மாமன், முறுக்கிய மீசையும் பட்டு வேட்டியுமாக, கேன் தண்ணீர் வைத்திருந்த மேஜைக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் சோடியம்.

"அய்யய்யோ, தண்ணிகிட்ட கீறாரே!" என்று ஓடினான் சம்பந்தி. நாங்கள் பிடிப்பதற்குள் அவர் தோளைத் தட்டி, "அண்ணாத்த, எழுந்து அந்தாண்ட போய் உக்காருங்க, இங்க இருந்தா ஆபத்து" என்று சொல்லிவிட்டான்.

மாப்பிள்ளையின் தாய்மாமனை, மேளம் கொட்டிக்கொண்டிருக்கும்போது, உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழுப்புவது! அந்த ஊரில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. "இன்னாடா சொன்ன? என்னியா எழுந்து போவச் சொல்ற?" என்று அவர் கிளம்பிய வேகத்தில் கேன் கவிழ்ந்தது. மேளம் நின்றது. "எங்க மாமனுக்கே மரியாத இல்லாத எடத்துல தாலி எதுக்கு?" என்று ஒரு அத்தை குரல் எழுப்பினார். தரகர் கையைக் காலைப் பிடித்து, முன்வரிசையில் சோபா போட்டு, சந்தனம் பூசி அவரைக் குளிரவைப்பதற்குள் முகூர்த்தம் முடிய இருந்தது.

இத்தனை அமளியிலும் சம்பந்தி என் காதில், "சோடியம், தண்ணி, டமால். பாத்தியா? பாடம் கரெக்டுதான்" என்றான்.

தரகர் எங்களிடம் நேராக வந்தார். கோபத்தில் கத்துவார் என்று நினைத்தேன். கைகூப்பினார். "எப்டியாச்சும் இவன பாஸ் பண்ண வச்சிடுங்க கண்ணு. இவன் பைய எடுத்தான்னா, நான் சேத்துவச்ச குடும்பத்தையெல்லாம் பிரிச்சிட்டு வந்துடுவான்."

அன்றே சட்டம் போட்டோம். செய்முறைத் தேர்வின் வாய்மொழிக் கேள்வியில் மாப்பிள்ளை, பொண்ணு, வூடு என்ற பேச்சே வரக்கூடாது. எலக்ட்ரான், பிணைப்பு, வினை, அவ்வளவுதான். சம்பந்தி அம்மா மேல் சத்தியம் செய்தான்.

தேர்வன்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாள் மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்தாலே சோதனைக் குழாய் விரிசல் விடும் போலிருந்தது. அரியர் ஆட்கள் மூன்று பேரையும் ஒன்றாக நிற்கவைத்தார். பாஷா ஒரு கேள்விக்குத் "தெரியாது மேடம்" என்று அழகாகச் சொல்லி, அடுத்ததில் தப்பினான். மெக்னீசியம் ஆக்சைடைக் கேட்டபோது நான் அக்கா தங்கச்சியை நினைத்துக்கொண்டு எலக்ட்ரான் என்று சொல்லி ஒப்பேற்றினேன்.

"நீங்க சொல்லுங்க. காப்பர் சல்பேட் கரைசலை இரும்புப் பாத்திரத்துல வைக்கலாமா?"

சம்பந்தி வாயைத் திறந்தான். மூடினான். அவனுக்கு விடை தெரியும். சத்தியம்தான் குறுக்கே நின்றது. காதோரம் வியர்வை இறங்கியது. தேர்வாளர் பேனாவை எடுத்தார். கம்பெனி பஸ் அவனை விட்டுவிட்டுக் கிளம்புவதை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்போது, வாழ்க்கையில் எதற்கும் அலட்டிக்கொள்ளாத பாஷா குரல் கொடுத்தான். "டேய், சத்தியம் கித்தியம் எல்லாம் வாபஸ். உனுக்கு எப்டி வருமோ அப்டியே சொல்றா."

"வைக்கவே கூடாது மேடம்!" என்று வெடித்தான் சம்பந்தி. "சல்பேட்டு காப்பருக்கு நிச்சயம் பண்ண பொண்ணு. இரும்பு அத்தவிட வசதியான எடம். பக்கத்துல வந்தா பொண்ண இட்டுகினு பூடும். காப்பரு பாவம், தனியா போய் பாத்திரத்துச் செவுத்துல ஒட்டிகினு ஒக்காந்துடும். செவப்பா தெரியும் மேடம்."

அம்மாள் ஃபைலை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்தக் கேள்வியையே கேட்டார்.

"சரி. அதே காப்பர் சல்பேட் படிகத்துல தண்ணி இருக்கே, அது எதுக்கு? சூடு பண்ணா என்ன ஆகும்?"

ஆடி முழுக்க அவன் தோற்ற இடம் அது. சம்பந்தி மேஜை மேலிருந்த நீலப் படிகத்தைப் பார்த்தான். பிறகு திரும்பி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான். மண்டபத்தில் பிடிபடாதது அப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

"அவங்க சொந்தமில்ல மேடம்," என்றான் மெதுவாக. "பொண்ணு எடுத்ததும் இல்ல, குடுத்ததும் இல்ல. சும்மா கூட கீறவங்க. ஆனா சூடு பண்ணி அவங்கள அனுப்பிட்டா, நீலம் பூடும். வெள்ள வெளேர்னு மாவு மாதிரி உதிர்ந்துடும். திரும்பக் கூப்ட்டா மறுபடியும் கலரு வந்துடும்."

தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். "எத்தனை பேரு?" என்றார். கேட்ட பிறகுதான் தான் கேட்ட விதம் அவருக்கே உறைத்தது. அவசரமாகக் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

"அஞ்சு பேரு மேடம்."

மூன்று பேரும் பாஸ். இப்போது சம்பந்தி கழுத்தில் அட்டையோடு கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் போகிறான். இன்ன போல்ட்டுக்கு இன்ன நட்டு பொருந்தாது என்று ஜாதகம் பார்க்கிற மாதிரி ஒதுக்கிவிடுகிறானாம். மேலதிகாரிக்கு அவன்மேல் தனிப் பிரியம் என்று பாஷா சொன்னான். தரகர் நிம்மதியாகத் தொழில் செய்கிறார்.

போன வருஷம் அதே புதுப்பட்டினம் மண்டபத்தில் எனக்குக் கல்யாணம். அலுவலகத்தில் நானே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை என்பதால் தரகருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான், ஆனாலும் முதல் பந்தியில் உட்கார்ந்தார். மேடையில் போட்டோக்காரர் மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டார், எடுத்தார். பெண் வீட்டாரைக் கூப்பிட்டார், எடுத்தார். புழுக்கத்திலும் விளக்குச் சூட்டிலும் நான் வெளிறிப்போய், சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு நின்றேன். கடைசி வரிசையில் சம்பந்தியும் பாஷாவும் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கையைக் காட்டிக் கூப்பிட்டேன்.

ஏறி வந்தவர்களைப் போட்டோக்காரர் நிறுத்தினார். "நீங்க மாப்ள வூடா, பொண்ணு வூடா?"

"ரெண்டும் இல்ல தலைவரே," என்றான் சம்பந்தி. "நாங்க சும்மா கூட கீறவங்க."

ஆல்பத்தில் பக்கம் பக்கமாகப் படங்கள். அந்த ஒரு படத்தில்தான் என் முகத்துக்குக் களை வந்திருக்கிறது.