வாக்கர் துரையின் பூர்வீகம்

ரங்கூனில் அன்றைக்கு இருந்த வெள்ளைக்காரர்களில் யாருடைய முப்பாட்டன் என்ன தொழில் செய்தான் என்று கேட்டாலும் சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ஆபீஸில் தபால் குமாஸ்தாவாக இருந்தார். துரைமார்களுக்கே தெரியாதது இவருக்குத் தெரியும். சொந்தப் பெயர் ஏதோ இருந்தது. நாங்கள் கூப்பிட்டது 'பூர்வீகம்' என்றுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்த கதை. போட்டாதாங் ஜெட்டிக்கு எதிரே ஓர் அரிசிக் கம்பெனி. வேலைக்குச் சேரும்போது ஒரு பாரத்தை நீட்டுவார்கள். பெயர், தகப்பன் பெயர், சாதி, சொந்த ஊர். அரிசி மூட்டைக்கு ரசீது எழுதுகிறவனுக்குச் சாதி எதற்கு? நாங்கள் யாரும் கேட்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு எழுதிக் கொடுத்தோம். பூர்வீகமும் கொடுத்தார், ஆனால் அன்றைக்குப் பிடித்த கோபம் அவரை விடவே இல்லை.

"நம்ம சாதிய அவன் கேட்டான்ல? அவன் சாதிய யாரு கேக்குறது? நான் கேக்குறேன்" என்றார்.

பழைய புத்தகக் கடையில் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் வாங்கினார். இங்கிலீஷ் குடும்பப் பெயர்கள் எந்த ஜில்லாவில், எந்தத் தொழிலால் உண்டாயின, எங்கெங்கே குடிபெயர்ந்தன என்று எல்லாம் அதில் இருந்தது. தபால் உறையில் புதிதாக ஒரு வெள்ளைக்காரப் பெயர் வந்துவிட்டால் மற்ற கடிதங்கள் சாயங்காலம் வரை அப்படியே கிடக்கும்.

ஒருநாள் ஸ்ட்ராண்ட் ரோட்டில் எங்கள் மில் இன்ஜினீயர் கார்ட்டர், மோட்டாருக்கு வழி விடவில்லை என்று ஒரு கட்டைவண்டிக்காரனைப் பிரம்பால் அடித்தான். 'அடித்தான்' என்றே எழுதுகிறேன், இனி என்னை என்ன செய்துவிடப் போகிறான்? ஐம்பது பேர் வேடிக்கை பார்த்தோம். பூர்வீகம் மட்டும் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய், ஒரு சலாம் வைத்து, சுத்தமான இங்கிலீஷில் சொன்னார்: துரை அவர்கள் தம் சொந்தக்காரரையே அடிக்கலாமா, கார்ட்டர் என்றால் வண்டிக்காரர்தானே, தங்கள் முன்னோர் குதிரை பூட்டினார்கள், இவர் மாடு பூட்டுகிறார், வேறென்ன வித்தியாசம்?

ஓங்கிய பிரம்பு இறங்கவில்லை. மறுநாள் பூர்வீகத்தின் மேஜையைச் சாக்கு கோடவுனுக்கு மாற்றிவிட்டார்கள். ஆறு மாதம் தூசியில் தும்மிக்கொண்டே வேலை பார்த்தார். பரிதாபப்பட்டுப் போய்ப் பார்த்தால், "இங்க எவனும் வரமாட்டான் தம்பி, நிம்மதியாப் படிக்கலாம்" என்கிறார்.

பூர்வீகத்தையும் சேர்த்து நாங்கள் பன்னிரண்டு குமாஸ்தாக்கள் பபேடான் பேட்டையில் ஒரு மாடியில் மெஸ் வைத்திருந்தோம். மெஸ்ஸுக்கு செக்ரட்டரி எங்கள் ஹெட் கிளார்க். பக்கத்து பர்மாக்காரர் வீட்டில் நப்பி என்கிற மீன் விழுதை வதக்கினால் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற ஆசாரசீலர். புதிதாகக் கப்பலில் வந்த முருகேசன் என்ற பையன் வேலைக்குச் சேர்ந்து, ஒரு மாதம் எங்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டான். அப்புறம்தான் செக்ரட்டரியின் கண்ணில் அந்தப் பாழாய்ப்போன பாரம் பட்டது. அப்பன் ஊரில் துணி வெளுப்பவர்.

உடனே தீர்ப்பு. அவன் இலை பின் வராந்தாவுக்குப் போக வேண்டும். புது வருஷம் பிறந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். விஷயம் பரவிவிட்டால் வேறெந்த மெஸ்ஸிலும் சேர்க்கமாட்டார்கள், அவனுக்குத் திரும்பக் கப்பல் ஏறுவதைத் தவிர வழியில்லை. பதினோரு பேரும் தலையைக் குனிந்து ரசம் குடித்தோம். பூர்வீகம் அப்போது ஒன்றும் பேசாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இங்கிலீஷ் புது வருஷத்தன்று பெரிய துரை வாக்கரின் பங்களாவுக்கு மாலையும் எலுமிச்சம்பழமுமாகப் போவது எங்கள் வழக்கம். அந்த வருஷம் துரை செக்ரட்டரிக்குக் கை கொடுத்துவிட்டார். மனிதர் வீடு வருகிற வரை வலது கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டே வந்தார். அதே கையோடு பந்தியில் உட்கார்ந்தார். முருகேசன் வராந்தாவில் குனிந்து உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் பெட்டி.

பூர்வீகம் புத்தகத்தோடு எழுந்தார்.

"துரை கை குடுத்தாரே, அவரு வம்சம் என்னன்னு தெரிய வேணாமா? வாக்கர்னா, நெசவு முடிஞ்ச கம்பளியத் தொட்டியில போட்டு மிதிக்கிறவன். தொட்டியில என்ன? நாள்பட்ட மூத்திரம். வீடு வீடாப் போயி வாங்கிட்டு வருவாங்க. அதுல நின்னு மிதிச்சாத்தான் அழுக்குப் போவும். வடக்குல அவனுக்கு வாக்கர்னு பேரு, தெற்குல ஃபுல்லர், மேற்குல டக்கர். மில்லு வந்து காலுக்கு வேலை போச்சு, பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. யார்க்‌ஷயர்லேருந்து லண்டன், லண்டன்லேருந்து கல்கத்தா, அங்கேருந்து ரங்கூன். நீங்க மாலை போட்டுட்டு வந்தீங்க."

புத்தகத்தை மூடிவிட்டுச் செக்ரட்டரியைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தக் கையில தீட்டு இருக்கா, இல்லையா? இல்லன்னா பையனை உள்ள கூப்பிடுங்க."

செக்ரட்டரி யோசித்தார். முகம் சிவந்தது. எழுந்தார். கூப்பிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் நேரே குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு வலது கையைக் கழுவினார். முழங்கை வரை. ஒரு தடவைக்கு இரண்டு தடவை. இத்தனை வருஷமாகியும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பூர்வீகம் சிரிக்கவில்லை. "நல்லது. பையன் இங்கயேதான் இருப்பான். பெட்டியத் தூக்கச் சொன்னீங்கன்னா, துரை தொட்ட கைய சோப்புப் போட்டுக் கழுவினீங்கன்னு நாளைக்கே அவருகிட்டப் போயிச் சொல்லுவேன். என்னை கோடவுனுக்கு அனுப்பினாரு. உங்கள எங்க அனுப்புவாரோ, நீங்களே பாத்துக்குங்க" என்றார்.

சோப்புக் கை நனைந்தபடியே நின்றது. முருகேசனின் பெட்டி உள்ளே திரும்பியது. இலை மட்டும் திரும்பவில்லை, அதற்குச் செக்ரட்டரி கடைசி வரை சம்மதிக்கவில்லை. பூர்வீகம் தம் இலையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய் அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தார். "சாப்பிடுப்பா, ஆறிடும்" என்றார்.

நான் அன்றைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன், வெட்கம் கெட்டவன். வராந்தாவுக்கு இலையைத் தூக்கிக்கொண்டு போக எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

ஏன் இத்தனை நாள் என்று கேட்பார், நாலு வார்த்தை திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.