முப்பத்திரண்டு டிகிரி

"ஐயோ, கம்பளியெல்லாம் சொதசொதன்னு நனையுது! ஐஸ் கரையுதுங்க!" என்று கொல்லைப்புறத்தில் நாகம்மா கத்தினாள்.

அவள் புருஷன் துரைராஜ் பதறவில்லை. லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் கிளார்க் அவர். அங்கிருந்து இரவல் வாங்கி வந்த தெர்மாமீட்டரை அண்டாவில் கம்பளி சுற்றி வைத்திருந்த ஐஸ் பாளத்தின் ஓட்டையில் சொருகிப் பார்த்தார்.

"முப்பத்திரண்டு டிகிரி. ஃபாரன்ஹீட்ல ஐஸோட டிகிரி இதுதான். துளிகூடச் சூடு ஏறலை. நீ போய் பஜ்ஜியைப் பாரு."

மே மாதத்துச் செகந்திராபாத். வெயில் மண்டையைப் பிளந்தது. சாயங்காலம் மகள் கமலாவைப் பெண் பார்க்க மதராசிலிருந்து கிருஷ்ணமூர்த்தி மகனோடு வருகிறார். பெரிய பந்தாக்காரர். "ஐஸ் போடாத சர்பத்தை எங்க வீட்டு நாய்கூட மோந்து பார்க்காது" என்று போன மாதம் அளந்திருந்தார். துரைராஜ் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எங்க வீட்லயும் தினம் ஐஸ்தான்" என்று பதிலுக்கு அளந்துவிட்டார். அந்தப் புளுகைக் காப்பாற்றத்தான் இந்தப் பாளம். ஐஸ் போனால் மானம் போகும், மாப்பிள்ளையும் போவான்.

மெட்ரிக் முடித்த பிறகுதான் கல்யாணம் என்று கமலா நாலு நாள் மூக்கைச் சிந்தினாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, அடங்கிவிட்டாள். இப்போது சமர்த்தாகக் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு ஜுலைகா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். வேலூர்க்காரி, புருஷன் குல்ஃபி வியாபாரி. ஐஸ் விஷயத்தில் அவள் சொன்னால் அப்பீல் கிடையாது.

"கைக்கு, எதுக்கு அண்ணே ஐஸுக்குக் கம்பளி? குளிருக்கு நம்மளைச் சூடு பண்றதே கம்பளிதானே!"

"அடடா, எனக்குத் தோணாம போச்சே!" துரைராஜ் கம்பளியை உருவி எறிந்தார்.

கொஞ்ச நேரத்தில் பாளம் செங்கல் அளவுக்கு வந்துவிட்டது.

"பாதிகூட இல்லையே!" என்றாள் நாகம்மா.

"அளவைப் பார்க்காதே, டிகிரியைப் பாரு. இப்பவும் முப்பத்திரண்டு! சூடு ஏறினாத்தானேடி கரையும்?"

"அப்ப இந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

துரைராஜ் தெர்மாமீட்டரை எடுத்து உதறி மறுபடி சொருகினார். சுவருக்கு மேலே மறுபடி தலை தெரிந்தது.

"விசிறுங்க அண்ணே! வேர்க்கிறப்ப விசிறினா நமக்கு ஜில்லுன்னு இருக்கில்ல?"

விசிறினார். அனல் காற்று பாளத்தின் மேல் அடித்தது. கை கடுத்ததுதான் மிச்சம். செங்கல் மாங்காய் அளவுக்குச் சிறுத்துப் போனது. பாதரசம் மட்டும் முப்பத்திரண்டில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது.

"விசிறியா? நக்கோ, வேணாம், போதும்!" என்றாள் ஜுலைகா. "உப்பு போடுங்க. குல்ஃபி டப்பாவைச் சுத்தி நாங்க ஐஸும் உப்பும்தான் கொட்டுறோம்."

இரண்டு கை கல்லுப்பு விழுந்தது. பாதரசம் சரசரவென்று இருபதுக்கு இறங்கியது. துரைராஜ் துள்ளிக் குதித்தார்.

"நாகம்மா, ஓடியா! முன்னைவிட ஜில்லுன்னு ஆயிடுச்சு!"

நாகம்மா ஓடி வந்தாள். அண்டாவுக்குள் குனிந்து பார்த்தாள். "ஜில்லுன்னுதான் இருக்கு. ஐஸ் எங்கே?"

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது.

துரைராஜ் சொம்பைத் தூக்கினார். தண்ணீராவது ஜில்லென்று இருக்கிறதே என்ற ஒரே நினைப்பில், அண்டாத் தண்ணீரை மொண்டு எலுமிச்சை பிழிந்து, சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி நீட்டினார். உப்பு அவர் ஞாபகத்திலேயே இல்லை.

கிருஷ்ணமூர்த்தி ஒரே மடக்கில் பாதியைக் குடித்தார். அடுத்த நொடி அது பஜ்ஜித் தட்டில் இருந்தது.

"த்தூ! என்னய்யா இது, மெரினாத் தண்ணியா?"

"இல்லீங்க... தினம் ஐஸ்..."

"நீரும் உம்ம ஐஸும்! டேய் சந்திரமோகன், எழுந்திரு!"

ஜட்கா வந்த வழியே போனது. கமலா முகத்தைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். பின்னாலேயே போன துரைராஜ் கதவருகில் நின்றுவிட்டார். சுவரில் சாய்ந்திருந்த மகளின் தோள் குலுங்கியது. என் பெருமைக்காகப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று நொந்துகொண்டார்.

"அழாதேம்மா" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள், கதவு மறைவில் இருந்த அவரைக் கவனிக்காமல், ஜுலைகா சுவரைத் தாண்டிக் கிண்ணத்தை நீட்டினாள்.

"ஹவ், ஆமா கமலா, கம்பளி, விசிறி, உப்பு... நீ சொல்லிக் கொடுத்ததை ஒண்ணு விடாம உங்கப்பாகிட்ட சொல்லிட்டேன். எங்கே என் கேசரி?"