நாற்பது கட்டைக்கும் பொட்டு வைத்தேன்

"...அழுகையைப் பிறகு பாப்பம், மல்லிகா. இதில எது பழசு, எது புதுசு எண்டு மட்டும் சொல்லும், போதும்" என்றார் டொக்டர். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், கோபம் வந்தால் உரக்கத் திட்டிவிட்டு ஐந்தே நிமிடத்தில் தேத்தண்ணி கேட்பவர். அன்று தேத்தண்ணியும் கேட்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. மாத்தளை டவுனில் அவருடைய பல் கிளினிக்கில் உதவியாளர். பள்ளியில் படித்தது ஓ.எல். பரீட்சை வரை, மற்றதெல்லாம் கேட்டுக் கேட்டுக் கற்றது. (அதனால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வேறு.)

டொக்டர் மேற்படிப்புக்காக ஓர் ஒப்பீடு செய்துகொண்டிருந்தார். பல்லின் வேருக்குள் மயிரிழை போல ஒரு குழாய் ஓடுகிறது. வேர்ச் சிகிச்சையில் அதைச் சுரண்டி வடிவாக்கும் ஊசி போன்ற அரத்தை 'பைல்' என்போம். வளைந்த குழாயை வளைவு கெடாமல் வடிவாக்குவது எது? கையால் திருகும் பழைய உருக்கு பைலா, மெஷினில் சுழலும் புதிய பைலா? இதுதான் கேள்வி. நிஜப் பல்லுக்குப் பதில், உள்ளே வளைந்த குழாய் வைத்த, கண்ணாடி போன்ற சின்னப் பிளாஸ்டிக் கட்டைகள். பழைய பைலால் இருபது, புதிய பைலால் இருபது. நோயாளிகள் போன பிறகு, கழுத்து வலிக்க வலிக்க, மூன்று மாதத்தில் முடித்தார். செவ்வாய்க்கிழமை கண்டியில் பேராசிரியர் முன் வைக்க வேண்டும்.

"ஒவ்வொண்டிலயும் நம்பர் எழுதி வையும்" என்று மார்க்கர் பேனையைத் தந்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஊருக்கு பஸ் ஏறினார்.

நான் எழுதவில்லை. இடது தட்டில் பழசு, வலது தட்டில் புதுசு. இதற்கு எதற்கு எழுத்து?

சனிக்கிழமை ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் அப்பா தையல் மெஷின் முதல் தேங்காய் துருவி வரை பொட்டு வைப்பார். "சோறு போடுற சாமானுக்கு ஒரு பொட்டு வச்சா கொறஞ்சா போயிடுவீங்க?" என்பார். கிளினிக் சாவியோ என் கையில். நோயாளி நாற்காலிக்கு மாலை போட்டேன், மெஷினுக்கு விபூதிப் பட்டை இழுத்தேன். இந்தக் கட்டைகள் மட்டும் பாவம், சும்மா கிடந்தன. நாற்பதையும் வாழையிலையில் தாமரைப்பூவாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். அத்தனை அழகு! போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பூஜை முடிந்தது. பொட்டையெல்லாம் கழுவித் துடைத்து, முதல் கட்டையைத் தட்டில் வைக்கப் போனேன்.

எந்தத் தட்டில்?

ஞாயிறு மாலை டொக்டர் வரும்வரை நான் சாப்பிடவில்லை. வந்ததும் அழுதேன். மேலே எழுதியதுதான் அவர் கேட்டது. நான் சும்மாவாவது இருந்திருக்கலாம்.

"டொக்டர், வளைவு கெடாம இருக்கிறதெல்லாம் புதுசு, கெட்டுப் போனதெல்லாம் பழசுன்னு பிரிச்சிடலாங்களே?"

"அதைத்தானே நான் கண்டுபிடிக்கவேணும், பிள்ளை. விடையை வச்சுப் பிரிச்சா, பிறகு ஒப்பீடு என்னத்துக்கு?"

"நான் வேலைய விட்டுப் போயிடறேங்க."

"நல்ல யோசினை. முதல்ல கெடுத்துப்போட்டு, பிறகு உதவிக்கும் ஆளில்லாமல் விட்டுட்டுப் போம்."

பேராசிரியருக்குப் போன் எடுத்தார். "சேர், இந்த முறை எனக்கு ஏலாது. சாமான் கலந்துபோச்சு... ஓம் சேர், என்ர பிழைதான்." அடுத்த முறை ஆறு மாதம் கழித்துத்தான். என் பெயரை அவர் சொல்லவேயில்லை. திட்டியிருந்தால் அன்றிரவாவது தூங்கியிருப்பேன்.

இன்றைக்கும் வீட்டில் நான் உப்பையும் சீனியையும் மாற்றிப் போட்டால் போதும், என் கணவர் "எங்க, ரெண்டு கையையும் காட்டு பாப்போம்" என்பார். மகளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். காரணம் இதுதான்.

அன்று டொக்டர் போனை வைத்தார். அலுமாரியிலிருந்து புதுக் கட்டைப் பெட்டி ஒன்றை எடுத்துப் பிரித்தார். நான் மூடிகூடத் திறக்காத அந்த மார்க்கரைத் திறந்து, என் இடது உள்ளங்கையில் 'பழசு' என்றும் வலது உள்ளங்கையில் 'புதுசு' என்றும் எழுதினார். பிறகு விளக்கை இழுத்துக் குனிந்து, பழைய பைலால் முதல் கட்டையைச் சுரண்டி முடித்து, அதை என் இடது கையில் வைத்தார்.