பூச்சி இருந்தால் வரட்டும்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நீங்களும் சித்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான், தையல் மெஷின் நால்வரும் நலம். இரண்டு வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டுத் திடீரென்று கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். போனில் பேசிவிடலாம் என்றுதான் என் புது எண்ணிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் "யாரு?" என்றதும் பயந்துபோய் வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை, "யாருய்யா அது, பூச்சியா மனுசனா? மனுசன்னா பேசு, பூச்சின்னா அட்ரஸ் சொல்லு" என்றீர்கள். அது நான்தான். எழுத்தில் எனக்கு அவ்வளவு பயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

விஷயம் கரப்பான் பூச்சி. நீங்கள் மருந்து அடிக்க வருவதை நிறுத்தியது அதுகளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மெஷின் இழுப்பறையில் நூல்கண்டுகளுக்கு நடுவே குடித்தனம், அடுப்பு மேடைக்குக் கீழே குடித்தனம், சுவர்க் கடிகாரத்துக்குள் ஒன்று. கண்ணாடிக்குப் பின்னால் அது முள்ளோடு சேர்ந்து சுற்றுவதைப் பார்த்த அம்மா, "இதுக்கு நேரம் தெரிஞ்சு என்ன ஆகணும்?" என்று கேட்டாள். நம் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் நான், அதுவும் விலங்கியல் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "நீதானே பூச்சிக்குப் படிச்சே, நீயே ஒரு வழி பண்ணு" என்றார் அப்பா. நான் படித்தது பெரும்பாலும் தவளை என்று சொல்ல வாய் வரவில்லை.

நான் வழி பண்ணுவதற்குள் ஆளுக்கொரு மருந்தைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு ஸ்பிரே கேன். ஒரு பூச்சிக்கு அரைக் கேன் அடிப்பாள், ஆனால் பூச்சி இருக்கும் இடத்தில் அல்ல, இருந்த இடத்தில். நேராக மேலே பட்டால் அது மல்லாந்து விழுந்து காலை உதறும். அம்மா அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டு துடைப்பம் எடுக்கப் போவாள். மருந்து கொஞ்சமாகப் பட்டிருந்தால் சில பூச்சிகள் சற்று நேரத்தில் தெளிந்து எழுந்துவிடும். அவள் திரும்பி வரும்போது ஆள் இருக்காது. "செத்துட்டு எங்க போச்சு?" என்று என்னைக் கேட்பாள், நான்தான் ஒளித்து வைத்தது போல.

விழுந்த பூச்சி காலை உதறுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் மாடிப்படி ஞாபகம் வந்துவிடுகிறது சித்தப்பா. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதுகில் மருந்து டாங்கோடு படியேறி வருவீர்கள். முந்தின நாளே அம்மா பாத்திரங்களைப் போர்வையில் மூட்டை கட்டிவிடுவாள். அப்பா தைக்க வந்த துணிகளைக் கட்டிப் படியில் அடுக்குவார். நீங்கள் மூக்கைக் கட்டிக்கொண்டு அறை அறையாகச் சுவரோரம் அடித்துவிட்டு, கதவைச் சாத்தி, "நாலு மணி நேரம். வீட்டுக்காரரே வந்தாலும் வெளியிலதான்" என்பீர்கள். அண்ணன் வீடு என்று சொல்லி அடுத்த வீட்டு வேலையை மாலைக்குத் தள்ளிப் போட்டுவிட்டு எங்களோடு உட்கார்ந்துவிடுவீர்கள். நாம் நான்கு பேர், ஒரு பொட்டலம் ரொட்டி, நாலு வாழைப்பழம், பிளாஸ்கில் டீ. அப்பாவின் கை சும்மா இருந்து நான் பார்த்தது அந்த நான்கு மணி நேரத்தில் மட்டும்தான். முதல் அரை மணிக்கு அவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது, முழங்கால் மேல் விரல்கள் தாமாகவே தைத்துக்கொண்டிருக்கும். பிறகு மெல்ல அடங்கும். அடங்கின பிறகு பேச ஆரம்பிப்பார். நீங்கள் இருவரும் ஒரே வெள்ளைச் சட்டையில், காலைப் பள்ளிக்கு அவரும் மதியப் பள்ளிக்கு நீங்களுமாகப் போன கதை எனக்கு அந்தப் படியில்தான் தெரிந்தது. "நீ வேர்வையோட குடுப்பே" என்பீர்கள் நீங்கள். "நீ மையோட குடுப்பே" என்பார் அப்பா. அம்மா இரண்டு பேருக்கும் டீ ஊற்றி, "துவைச்சது யாருன்னு ஒருத்தராவது சொல்றீங்களா?" என்பாள்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். மருந்து பூச்சியை எப்படிக் கொல்கிறது என்று கேட்டுவிட்டேன். நீங்கள் படித் திருப்பத்தில் மல்லாந்து படுத்துக் கைகால்களை ஆட்டிக்கொண்டே சொன்னீர்கள். "நரம்புல சின்னச் சின்னக் கதவு இருக்கு பாப்பா. திறந்தா செய்தி போகும், மூடினா நிக்கும். நம்ம மருந்து போய்க் கதவை மூடவிடாம பிடிச்சுக்கும். செய்தி போய்க்கிட்டே இருக்கும், காலு ஆடிக்கிட்டே இருக்கும், ஓய்ஞ்சுபோய்ச் சாகும்." அந்த நேரம் பார்த்து இறங்கி வந்த மேல் வீட்டு டீச்சர் உங்களுக்கு வலிப்பு என்று நினைத்துத் தன் பாட்டில் தண்ணீர் முழுவதையும் உங்கள் முகத்தில் ஊற்றினார். நீங்கள் எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல டீச்சர், செத்துக்கிட்டு இருந்தேன், இப்பப் பரவாயில்ல" என்றீர்கள். எட்டு வருடம் கழித்துக் கல்லூரித் தேர்வில் அதே கேள்வி வந்தது. நான் கதவு என்றே எழுதினேன். பேராசிரியர் முழு மதிப்பெண் போட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் "எந்தப் புத்தகம்?" என்று கேட்டிருந்தார். படிக்கட்டு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

அப்பாவின் மருந்து பூச்சி சாக்பீஸ். கோடு போட்டு வைத்தால் தாண்டும் பூச்சியின் காலில் மருந்து ஒட்டிக்கொள்ளும், அதுவும் அதே கதவு வேலைதான். அப்பா அதை வாங்கி வந்து, துணியில் அடையாளம் போடும் சாக்பீஸ் இருக்கும் அதே டப்பாவில் போட்டுவிட்டார். ஒரு சாயங்காலம் முழுக்கச் சமையலறையைச் சுற்றிக் கோடு போட்டார். அவர் கையல்லவா, மேடை திரும்பும் இடத்தில் சட்டைக் கழுத்து போல வளைந்த கோடு. மறுநாள் காலையில் எறும்புகள் அதன்மேல் வரிசையாக நடந்து போய்க்கொண்டிருந்தன. "அளவு சரியாத்தானே இருக்கு?" என்று அப்பா குனிந்து பார்த்தார். அளவில் குறையில்லை, போட்டது துணி சாக்பீஸ். அப்படியானால் பூச்சி சாக்பீஸ் எங்கே போனது என்று தேடினால், லாண்டரிக்காரரின் புது பேன்ட் துணியில் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இருந்தது. அம்மாவும் நானும் அதை மூன்று தண்ணீரில் அலசிக் காயப்போட்டோம். இதெல்லாம் தெரியாத லாண்டரிக்காரர் பத்து நாள் கழித்து வந்து, "உங்க தையல்ல என்ன விசேஷமோ, கொசுகூடக் கிட்ட வரல" என்று பாராட்டிவிட்டுப் போனார். அப்பா அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை.

நான் கொஞ்சம் படித்த முறையில் போகலாம் என்று போரிக் பவுடர் வாங்கினேன். கரப்பான் நம்மைவிடச் சுத்தம் பார்க்கும் பிராணி. காலில் தூசி பட்டால் நக்கித் துடைத்துக்கொள்ளும், பவுடர் வயிற்றுக்குள் போய்ச் சில நாளில் ஆளை முடித்துவிடும். ஆனால் தூசி மாதிரி மெல்லிசாக, ஈரம் படாமல் இருக்க வேண்டும். பார்த்துப் பார்த்துத் தூவிவிட்டுக் குளித்து வருவதற்குள் அம்மா, "யாரு இங்க மாவைக் கொட்டி வச்சது?" என்று ஈரத்துணியால் இழுத்துவிட்டாள். அது மூலையில் போய்க் கட்டியாகி இன்னும் அப்படியே இருக்கிறது, மண்வெட்டிதான் வேண்டும். பிறகு வளர்ச்சியைக் கெடுக்கும் மருந்து ஒன்று வாங்கினேன். குட்டிப் பூச்சி கடைசித் தோலை உரித்துப் பெரிதாகும் சமயத்தில் அதன் உடம்பைக் குழப்பிவிடும், இறக்கை முறுக்கிக்கொள்ளும், குஞ்சு உண்டாகாது. இதை அப்பாவுக்கு விளக்கினேன்.

"அப்ப சாகாதா?"

"சாகாதுப்பா. வம்சம் நின்னுபோகும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இங்கதான் இருக்கும்."

"இதுக்கு எதுக்கு மருந்து? பொறுமை போதுமே" என்று அவர் மெஷினை மிதிக்கப் போய்விட்டார்.

கடைசியாக ஜெல். மிளகளவு சொட்டு, பூச்சி ஆசையாகத் தின்னும், உடனே சாகாது. அந்த மருந்தின் கெட்டிக்காரத்தனமே அதுதான். தின்றது கூட்டத்துக்குத் திரும்பிப் போய்ச் சாகும், அதன் எச்சத்தையும் உடம்பையும் தின்னும் மற்றதும் சாகும். முப்பது இடத்தில் வைத்தேன். ஒரு பூச்சியும் கிட்டே வரவில்லை. விசாரித்ததில், அம்மா ஒவ்வொரு சொட்டின் மேலும் கேனை அடித்திருந்தாள். "ரெண்டும் சேர்ந்தா பலம் கூடும்ல?" என்றாள். ஸ்பிரே பட்ட இடத்தைப் பூச்சி நாடாது. நம் வீட்டில் ஒவ்வொருவர் மருந்தும் இன்னொருவர் மருந்தைத்தான் கொன்றுகொண்டிருந்தது.

போன மாதம் ஒரு காலையில் இஸ்திரிப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒன்று ஓடியது. அப்பா அதை அடிக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "அவன் அடிச்சா மூணு மாசம் ஒண்ணும் தலைகாட்டாது" என்றார். இரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து நீங்கள் வந்தது அதுதான் முதல் தடவை. அம்மா விடவில்லை. "அப்பக் கூப்பிடுங்களேன்." அப்பா கத்தரியை எடுத்து வைத்துத் திரும்ப எடுத்து, "நான் எதுக்குக் கூப்பிடணும்? பூச்சி இருந்தா வரட்டும். அது அவன் தொழில்" என்றார்.

இதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் உங்களைக் கூப்பிட எனக்கு யோக்கியதை இல்லை.

இரண்டு வருடம் முன்பு வங்கி மேனேஜர், அப்பா தைத்த கோட்டை அளவு பார்க்கப் போட்டபோது அதன் கைக்குள்ளிருந்து கரப்பான் வந்ததும், அப்பா உங்களை வரவழைத்து, வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்கும்போதே, "தண்ணியை அடிச்சுட்டுப் போயிருக்கே, ஊரை ஏமாத்தறது போதாதுன்னு அண்ணன் வீட்டையுமா?" என்று கேட்டதும் உங்களுக்கு மறந்திருக்காது. "அளந்துதான் ஊத்தினேன் அண்ணே" என்று மூன்று தடவை சொன்னீர்கள். பிறகு செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினீர்கள். நான் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

நீங்கள் அளந்துதான் ஊற்றினீர்கள். கழுவியது நான். அதற்குப் பதினோரு நாள் முன்பு என்னோடு படித்த இரண்டு பெண்கள் முதல் தடவையாக நம் வீட்டுக்கு வருவதாக இருந்தார்கள். வீடு முழுக்க நீங்கள் அடித்திருந்த மருந்தின் வாசனை. அது உங்கள் சட்டை வாசனை. சின்ன வயதில் அது வந்தாலே படியில் உட்காரப் போகிறோம் என்று குதித்தவள், அன்று அவர்கள் மூக்கைப் பொத்துவார்களோ என்று வெட்கப்பட்டேன். "சுவரோரம் மூணு மாசம் துணி படக்கூடாது" என்று நீங்கள் சொன்னது காதில் இருக்கும்போதே சோப்புத் தண்ணீரால் எல்லாச் சுவரோரத்தையும் இரண்டு தடவை தேய்த்தேன். காய்ந்து படிந்திருக்கும் அந்த மருந்தின் மேல் பூச்சி நடந்தால்தான் காலில் ஏறும் என்பது எனக்குத் தெரியாததல்ல. வந்த பெண்கள், "உங்க வீடு ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமா இருக்கு" என்றார்கள். பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரையும் பார்க்கும்போதெல்லாம் உங்கள் செருப்புதான் ஞாபகம் வந்தது.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போது சொன்னால் அவர்தான் உங்களிடம் வர வேண்டியிருக்கும். அவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை, பழகாத வேலையைத் தனியாகக் கொடுத்தால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார். நீங்கள் வரும் அன்று, இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருக்கும்போது சொல்லிவிடுகிறேன். கடிதம் எழுதுவதை மட்டும் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே, மேலே கண்ட பூச்சித் தொல்லையை மனதில் கொண்டு, வரும் ஞாயிறு காலை வந்து மருந்து அடித்துத் தரும்படிக் கேட்டுக்கொள்கிறேன். சித்தியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன், முடிந்தால் அவரையும் கூட்டி வாருங்கள். உங்கள் இருவருக்கும் என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: சித்தப்பா, மேலே எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். பூச்சி இல்லை. இஸ்திரிப் பெட்டியிலிருந்து அது ஓடியதற்கு நான்கு நாள் முன்பே அம்மாவின் கேனை வாங்கி என் அலுவலக மேசையில் பூட்டிவிட்டு, புதிதாக ஜெல் வைத்திருந்தேன். அப்பா "பூச்சி இருந்தா வரட்டும்" என்ற பிறகு அதை எடுத்துவிடலாம் என்று ஓடினேன், முப்பது சொட்டையும் தின்று தீர்த்திருந்தன. மருந்து வேலை செய்ததற்காக நான் வருத்தப்பட்டது அன்றுதான். மூன்று வாரமாகக் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை. அப்பா தினமும் காலையில் மெஷினில் உட்காரும்முன் "பூச்சி இன்னும் இருக்கா?" என்று கேட்கிறார். "ஏன் இல்லாம, நேத்துகூட ரெண்டு ஓடிச்சு" என்கிறாள் அம்மா. நான் தலையாட்டுகிறேன். அவரும் இதே வீட்டில்தான் இருக்கிறார், கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோப்பவர். ஆனாலும் "ம்" என்று கேட்டுக்கொள்கிறார். நேற்று, "என்னைக்கு வர்றானாம்?" என்றார்.

தொழிலில் நீங்கள் பொய் சொன்னதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளே வந்து ஒரு இழுப்பறையைத் திறந்ததுமே உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும். தயவுசெய்து, பூச்சி இல்லை என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.